எங்கே வைத்துத் தெளிவிப்பது?

குற்றம் சுமத்தப்பட்ட ஒருவன், தன்மீது கூறப்படும் குற்றம் இன்னதென்று உணரவும், தனக்காக வாதாடும் வக்கீலுக்கு விவரம் சொல்லவும் இயலாத அளவு சித்தம் கலங்கியிருப்பின், அந்நிலையில் அவனை விசாரிப்பது நீதியாகாது. முதலில் தெளிவிக்க வேண்டும், பிறகே விசாரணை. இதில் கருத்து வேற்றுமை அதிகமில்லை. மருத்துவமனையிலா, சிறையிலா, வீட்டிலா, எங்கே வைத்துத் தெளிவிப்பது என்பதில்தான் அறிவுடையோரும் பிரிந்து நிற்கின்றனர்.

அஸ்ஸாம் மாநிலத்துக் கிராமவாசி ஒருவர் பிறருக்குக் காயம் விளைவித்ததாக 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் தெளிந்துவிட்டதாக 1967இல் மருத்துவர்கள் தெரிவித்தனர். அதன்பின் அவரைக் கொண்டு சேர்த்த இடம் நீதிமன்றமன்று, குவாஹாட்டிச் சிறை! 2005இல் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளிவந்தபோது 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. விசாரணையோ நடக்கவேயில்லை. பித்தனைக் குறிக்கும் ‘மஜ்னூன்’ என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் மறைத்தல் என்பதாகும். அவருடைய அறிவை நோய் மறைத்தது. நோய் நீங்கிய பின்னர் ஆளையே கோப்புகள் மறைத்துவிட்டன.

அமெரிக்காவில், 9 டாலர் அளவேயான இரண்டு வழிப்பறிகளுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட, செவிப்புலனும் பேச்சும் அற்ற ஒருவரின் வழக்கில், தெளிவிப்பதற்கென்று ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கலாகாது என 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் சிறையிலேயே காத்திருப்போர் அங்கே பெருகினர். அதனால் சில மாநிலங்கள் சிறைக்குள்ளேயே சிகிச்சை தொடங்கின. காத்திருக்கும் இடத்திலாவது மருந்து கிடைக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் நமக்கு அது உடன்பாடில்லை. இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவன் அவன். பூட்டும் காவலுமே நோயை வளர்க்கும் இடத்தில் அதற்கு மருந்திடுவது எங்ஙனம்? பிறர்க்குத் தீங்கிழைப்பான் என்ற உண்மையான அச்சமிருந்தால் மருத்துவமனை, இல்லையேல் வீடு. படுக்கை இல்லை என்பது அரசின் குறை. அதற்கான தண்டனையை நோயாளி அனுபவிக்கலாமோ?

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு வழி செய்தது. உள்ளிருந்து சிகிச்சை பெறத் தேவையில்லாதவனை, உறவினரோ நண்பரோ பொறுப்பேற்றால் பிணையில் விடலாம். பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மணமாகாத பெண்மக்கள் இருக்கும் வீடு என்று சொல்லிக் கையொப்பமிட மறுத்த தந்தை ஒருவரை நாம் அறிவோம். அவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. மகனுக்கு மாத்திரை கொடுப்பது எப்படி, சீறி எழுந்தால் யாரை அழைப்பது என்று அவர் கேட்டார். அங்கிருந்த எவரிடமும் விடையில்லை.