எதிர்வீட்டுக் கூச்சல்

பெரம்பூரில் கிரிக்கெட்டை ஒருத்தர் தனியாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஃபுட்பாலுக்குத்தான் ஆள் வேண்டும். பக்கத்து வியாசர்பாடியில் பையன்கள் நடக்கப் பழகிய கையோடு பந்தை உதைக்கப் பழகுகிறவர்கள். அந்தக் காற்று எங்கள் தெரு வரைக்கும் அடிக்கும். அந்த வேகத்தில்தான் 2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு “எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

கத்தாரின் லுசைலில் அது சாயங்கால ஆட்டம். நமக்கு ராத்திரி எட்டரை. வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவனுக்கு எட்டரையைப் போல மோசமான நேரம் கிடையாது. சாப்பாடு போடுவதா, பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வதா? மனைவி ஒரே வரியில் முடித்தாள்: “மார்கழி பொறந்தாச்சு, நான் நாலரைக்கு எழுந்து கோலம் போடணும். பஜ்ஜி உங்க வேலை.”

பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். கழிப்பறை ஒன்று. இடைவேளை பதினைந்து நிமிடம். இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாதவன் விருந்துக்கு ஆள் கூப்பிடக்கூடாது.

வந்தவர்களில் பதினெட்டுப் பேர் அர்ஜென்டினா. மெஸ்ஸிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். மாடி வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் பிரான்ஸ். ஒன்பதாம் வகுப்பு. ஏதோ ஒரு நீல பனியனின் முதுகில் மார்க்கர் பேனாவால் எம்பாப்பேயின் பெயரையும் 10 என்ற எண்ணையும் எழுதி மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மெஸ்ஸிக்கும் 10தான். “பின்னாடி பார்த்தா நம்ம ஆளுடா” என்று என் மைத்துனன் கிண்டலடித்தான். பையன் சிரித்துவிட்டு, ஷூ ஸ்டாண்டு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

எங்கள் வீட்டில் சமையலறைதான் தெருப்பக்கம். கட்டியவருக்கு என்ன யோசனையோ. இருபத்து மூன்றாவது நிமிடம் மெஸ்ஸி பெனால்டி போட்டதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஈடு வாழைக்காய் பஜ்ஜிக்கு நான் அடுப்படிக்குப் போனேன். எண்ணெய் காய்ந்து மாவை விடும்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. கோல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் ஹாலில் சத்தமே இல்லை. அங்கே இன்னும் அர்ஜென்டினா தன் பாதி மைதானத்தில் பந்தை வைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். எதிர்வீட்டில் கேபிள். எங்களுடையது இணையம் வழியாக வருகிற ஒளிபரப்பு. கேபிளுக்குச் சிக்னல் தருகிற செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் அது மேலே போய்த் திரும்பக் கால் நொடிதான். இணையத்தில் வருவதோ, சில நொடிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. படம் இடையில் நின்றுவிடக் கூடாதென்று அந்தத் துண்டுகளில் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே டிவி காட்டத் தொடங்குகிறது. அன்றைக்கு எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையில் அரை நிமிடம் போல வித்தியாசம்.

ஜல்லிக்கரண்டியோடு ஹால் வாசலுக்கு வந்து நின்றேன். டிவியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மைத்துனன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘சீக்கிரம் மாட்டுங்க சார்’ என்று சொல்ல வாய் வந்தது. இத்தனை பேருக்கும் ஒரு சந்தோஷம் வந்துகொண்டிருக்கிறது, இவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அர்ஜென்டினாவின் டி மரியா உதைத்த பந்து வலைக்குள் போனதை நான் அவர்கள் முகத்தில்தான் பார்த்தேன். பின்னால் எண்ணெயில் பஜ்ஜி கருகிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது 1990. இத்தாலி உலகக் கோப்பை, தூர்தர்ஷன். எங்கள் சந்தில் டிவி வைத்திருந்தவர் ஓர் ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மரக்கதவு வைத்த சாலிடேர் பெட்டியை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார். சந்தே அவர் வாசலில் உட்கார்ந்திருக்கும். முதல் ஆட்டம், ஜூன் 8. நடப்புச் சாம்பியனான மாரடோனாவின் அர்ஜென்டினாவை கேமரூன் எதிர்கொண்டது. ஆட்டத்தின் நடுவில் படம் புள்ளி புள்ளியாகிவிட, அவர் மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார். “தெரியுதா?” “தெரியல அங்கிள்!” “இப்ப?” “இன்னும் கொஞ்சம்!” படம் தெளிந்தது. “அப்படியே புடிச்சுக்குங்க அங்கிள்!” என்று கீழேயிருந்து கத்தினோம். பிடித்துக்கொண்டார். அறுபத்தேழாவது நிமிடம் ஓமாம்-பியிக் தலையால் முட்டிய பந்து கோல்கீப்பர் கையில் பட்டு உள்ளே உருண்டது. பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த கேமரூன் அது. சந்து அதிர்ந்தது. மாடியிலிருந்து அவர் குரல்: “யாரு? யாரு போட்டது?” ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அவ்வளவு கூத்து கீழே.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும்தான் பதில் சொல்லவில்லை.

கூப்பிடுகிறவன் முதலில் விட்டுக்கொடுப்பது ஆட்டத்தைத்தான் என்பது இத்தனை வருஷம் கழித்து அடுப்படியில்தான் புரிகிறது. அதே 2022-ல் கொச்சிப் பக்கத்தில் ரசிகர்கள் பதினேழு பேர் சேர்ந்து, உலகக் கோப்பையை ஒன்றாகப் பார்ப்பதற்கென்றே 23 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கியதைப் பத்திரிகையில் படித்துச் சிரித்தேன். தலைக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல். பிறகு யோசித்தால் புத்திசாலித்தனமாகவே பட்டது. எல்லோரும் பங்குதாரர்கள், யார் வீட்டில் யார் தொந்தரவு கொடுக்கிறோம் என்ற கூச்சம் இல்லை. ஆனால் எனக்கு அந்த ஏற்பாடு முழுசாக ஒட்டவில்லை. அந்த வீட்டில் விருந்தாளி என்று ஒருத்தரும் இல்லையே. ஓரமாக உட்கார்ந்திருக்கிறவனைக் கவனிப்பது அங்கே யார் பொறுப்பு?

எழுபத்தொன்பதாவது நிமிடம் வரை 2-0. ஹாலில் பாதிப்பேர் எழுந்து நின்றே பார்த்தார்கள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் “ஐயோ” என்றார்கள். டீயை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். பிரான்ஸுக்குப் பெனால்டி, எம்பாப்பே போட்டார். “பரவாயில்ல, இன்னும் ஒண்ணு கையில இருக்கு” என்றார் வாத்தியார். ஃபிளாஸ்க் எடுக்கத் திரும்பினேன். எதிர்வீட்டில் எதையோ போட்டு உடைக்கிற மாதிரிச் சத்தம். அதற்குப் பின் ஓசையே இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை பதினெட்டுப் பேருக்கு வரப்போவது வேறு. ஒருத்தனுக்கு மட்டும்தான் சந்தோஷம், அவனும் சுவரோரம் தனியாக. போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஏன் என்பதுபோல் பார்த்தான். முதல் கோலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 97 நொடிதான் என்று பிறகு படித்தேன். எம்பாப்பே பந்து தரையைத் தொடுமுன் சாய்ந்து உதைத்தார். பையன் துள்ளி எழுந்து கத்தினான். ஹாலில் அந்த ஒரு குரல்தான். பாதியில் தன் சத்தம் தனக்கே கேட்டு, வாயைப் பொத்திக்கொள்ளப் போனான். நான் கை தட்டினேன்.

“மாமா, நீங்க எந்தக் கட்சி?” என்றான் மைத்துனன், பாதி விளையாட்டாக.

அர்ஜென்டினாதான். 1990-ல் மாரடோனா இறுதி ஆட்டம் தோற்று அழுததைப் பார்த்ததிலிருந்து. ஆனால் அந்த நிமிடத்தில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் தன் சந்தோஷத்துக்காக வெட்கப்பட வேண்டுமா? மறுபடி தட்டினேன். மைத்துனன் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு கோல், 3-3. பெனால்டி ஷூட்அவுட்டுக்கு முன்னால் போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். போதும், இனி எல்லோருக்கும் தெரியும்போது எனக்கும் தெரிந்தால் போதும். அர்ஜென்டினாவின் மான்டியல் கடைசிப் பந்தைப் போட்டதும் வீடு என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாற்காலிக் கால் போயிற்று. பையன் எழுந்து, சிதறிக் கிடந்த தட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். “விடுப்பா” என்றேன். விடவில்லை. “1966-க்கு அப்புறம் ஃபைனல்ல மூணு கோல் போட்டது எம்பாப்பேதான் அங்கிள். அதுக்கு முன்னாடி ஜெஃப் ஹர்ஸ்ட்” என்று தட்டுகளிடம் சொல்வதுபோல் சொன்னான்.

நாலு நாள் கழித்து முழு ஆட்டத்தையும் போனில் தனியாகப் பார்த்தேன். டி மரியாவின் கோல் அத்தனை அழகு: ஐந்தாறு தொடுதலில் பந்து மைதானத்தைக் கடந்துவிடுகிறது. அந்த இடம் வரும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கூச்சலுக்குக் காத்திருந்ததைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

ஆட்டம் நடந்த ராத்திரி எல்லோரும் போய், நான் படுக்கையில் விழுந்தபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. விடியுமுன் கோலம் போடப் போனவள் வாசலிலிருந்தே என்னை எழுப்பினாள். வாசலில் ஒரு ஜோடி செருப்பு மிச்சம் கிடந்தது, இரண்டும் இடதுகால். என்னுடையதைக் காணோம்.