பாலன் இல்லாத குடில்

குடிலில் பாலன் சுரூபம் இல்லையென்றால் நத்தார் உண்டா, இல்லையா? நானுஓயாவில் எங்கள் தோட்டத்துச் சின்னக் கோவிலில் ஒரு டிசம்பர் 24ஆம் திகதி இரவு இந்தக் கேள்விக்கு உடனே பதில் தேவைப்பட்டது. ஏழு மணிபோல உபதேசியார் அலுமாரியைத் திறந்தார். சுரூபப் பெட்டி காலியாகக் கிடந்தது.

தேடாத இடமில்லை. ஆர்மோனியத்தின் பின்பலகையைக் கழற்றினார்கள். குடிலில் பரப்பிய பாசியைத் தூக்கிப் பார்த்ததில் மேய்ப்பர்கள் இருவர் குப்புற விழுந்தார்கள். பக்கத்து லயத்து அக்கா ஒருவர், முருகனைக் கும்பிடுகிறவர், சங்கதி கேட்டுத் தன் வீட்டுச் சாமித்தட்டிலிருந்த தவழும் கிருஷ்ணனை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "புள்ளதானே ஐயா, இன்னிக்கு ராவைக்கு வச்சுக்குங்க. விடியக் காலையில வாங்கிக்கிறேன்." உபதேசியார் கையெடுத்துக் கும்பிட்டார். வைக்க முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அக்காவை வாங்கில் உட்காரவைத்துப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அன்றிரவு அங்கே பேசிய இறையியலிலெல்லாம் அந்த அக்கா பேசியதுதான் எனக்கு இன்றும் பெரிது. தொட்டில் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை.

அதற்குள் ஒரு பெயர் அடிபட்டது. கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு நத்தாருக்கு வந்திருந்த பையன். பகலெல்லாம் கோவிலில் பல்பு மாலை கட்டியவன் அவன்தான். "கடைசியா வெளியே போனது அவன்தானே" என்றார் ஒருவர். ஒன்பது மணிக்குள் எல்லா லயத்துக்கும் அவன் திருடனாகிவிட்டான்.

பெரியவர்கள் சிலர், பாலன் இல்லாமல் குடிலைத் திறக்கவே கூடாது என்று நின்றார்கள். அவர்களுக்கான பதில் இத்தாலியில் இருக்கிறது. அது எங்களுக்கு அந்நிய நாடும் இல்லை. 1883இல் எங்கள் கண்டித் திருச்சபையின் பொறுப்பை ஏற்றுப் பின் அதன் முதல் ஆயரான கிளெமென்ட் பஞானி, இத்தாலியிலிருந்து வந்த சில்வெஸ்திரின் துறவி. அந்த இத்தாலியில், 1223ஆம் ஆண்டு, கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் நத்தார் கொண்டாடினார். ஜொவான்னி என்பவரிடம் சொல்லித் தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் ஏற்பாடு செய்தார். அவ்வளவுதான். பாலன் சுரூபம் வைத்ததாக அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா எங்கேயும் சொல்லவில்லை. வெறும் வைக்கோலுக்கு மேலே பூசை நடந்தது. அங்கே நின்ற ஒருவருக்கு மட்டும், தொட்டியில் ஒரு குழந்தை கிடப்பதும் பிரான்சிஸ் கிட்டப் போய் அதை எழுப்புவதும் தெரிந்தது என்கிறார் தோமா. பிறகு அந்த வைக்கோலைத் தின்ற நோயுற்ற மாடுகள் சுகமடைந்ததாகவும் எழுதுகிறார்.

ரோமில் அராசேலி கோவிலிலிருந்த பழைய பாலன் சுரூபம் 1994இல் களவு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதன் நகல். அதன் முன்னாலும் மக்கள் மன்றாடத்தான் செய்கிறார்கள். ஆக, சுரூபம் இல்லாமலும் நத்தார் உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் பாலன் பத்து மணிக்குக் கிடைத்தார். பிள்ளைக் காம்பராவில் பல வருஷம் கொழுந்தெடுக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டி ஒருவர், இந்தப் பனியில் பிள்ளை வெறும் உடம்போடு கிடக்கிறதே என்று, சட்டை தைக்கச் சுரூபத்தை முதல் நாளே எடுத்துப் போயிருக்கிறார். காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பக்கத்தில், அதே கம்பளிக்குள், பாலனும். பேத்தி தூக்கிக்கொண்டு வந்தபோது ரோஸ் நிற பிளனல் சட்டையில் ஒரு கைதான் தைத்திருந்தது; மற்றதைச் சட்டை ஊசி குத்தி மூடியிருந்தார்கள். கோவில் மணி அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.

பையன் பூசைக்கு வரவில்லை. அவனைக் கூப்பிட யாரும் போகவுமில்லை.

எதுவார்தோ தெ பிலிப்போ எழுதி 1931இல் நேப்பிள்ஸில் மேடையேறிய நகைச்சுவை நாடகம் ஒன்று உண்டு: குப்பியெல்லோ வீட்டு நத்தார். அப்பா குடில் கட்டுவதில் பைத்தியமாக இருக்கிறார். மகனோ எனக்குக் குடில் பிடிக்கவில்லை என்று அடம்பிடிக்கிறான். போதாததற்கு, காய்ச்சலில் கிடந்த சித்தப்பாவின் சப்பாத்தையும் கோட்டையும் விற்றுத் தொலைத்தவனும் அவன்தான். வீட்டில் ஒரே சண்டை. ஆனாலும் அந்த வீட்டில் அவனுக்கு இடம் போகவில்லை. உண்மையாகவே எடுத்தவனுக்கு அங்கே கிடைத்த இடம், எதையும் எடுக்காதவனுக்கு எங்கள் கோவிலில் கிடைக்கவில்லை. கிரேச்சோவில் சுரூபம் இல்லை, வந்த எல்லோருக்கும் இடம் இருந்தது. எங்களிடம் சுரூபம் இருந்தது.

பூசை முடிந்ததும் அம்மா ஒரு தட்டில் கேக்கை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். நானும் லாம்பு பிடித்துக்கொண்டு கூடப் போனேன். கதவு திறக்க நேரமாயிற்று. "தம்பி, எங்கள மன்னிச்சிரு" என்றார் அம்மா. அவர் அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியவரில்லை.

காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்று சொன்னவருக்குத்தான் நாம் குடில் கட்டுகிறோம். இந்த நத்தாருக்குப் பாலனை வைக்கும் முன், உங்கள் லயத்தில் வீண்பழி சுமக்கிறவர் யாராவது இருந்தால், அவர் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பூசை கொஞ்சம் பிந்தினால் பிந்தட்டும்.