நாளை நடப்பதை உரைத்தல்

ஓய்வு பெற்றோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு உடல்நலத்தில் தொடங்கும். பிள்ளைகள் பணிபுரியும் ஊர்களைச் சுற்றி வரும். இறுதியில் வட்டி விகிதத்தில் வந்து நின்றுவிடும். நம் வட்டத்திலும் அவ்வாறே. ஆசிரியராய் இருந்தோர் இருவர், மின்வாரியப் பொறியாளராய் இருந்தவர் ஒருவர், வங்கிக் காசாளராய் இருந்தவர் ஒருவர்; இவர்களோடு நாம். மாலை வேளையில் ஒரு நண்பரது இல்லத் திண்ணையில் அமர்ந்து பேசுவது பல்லாண்டு வழக்கம்.

இவ்வட்டத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு. கடன் பத்திரத்தை நேரே வாங்கி வைப்பது நன்றா, பத்திரங்களில் முதலிடும் பரஸ்பர நிதியில் சேர்வது நன்றா என்பதே அது. காசாளர் முன்னதன் பக்கம். “பத்திரம் முதிரும் நாளில் நூறு நூறாகவே வரும். உங்கள் நிதிக்கு முதிர்வு நாள் ஏது? தினம் ஒரு விலை, தினம் ஒரு கவலை” என்பார். பொறியாளர் விடமாட்டார். “விலையைப் பார்க்காதிருப்பதால் விலை இறங்கவில்லை என்று ஆகிவிடுமா, ஐயா?” என்று கேட்பார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆண்டுக்கு ரூ.6 வட்டி தரும் பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை ரூ.100 கொடுத்து வாங்கினோம் என்று கொள்வோம். மறுநாளே நாட்டில் வட்டி 7.5 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. புதிய பத்திரம் ரூ.7.50 தரும்போது நம்முடையதை நூறு ரூபாய்க்கு யார் வாங்குவார்? ஏறக்குறைய ரூ.90க்குத்தான் கேட்பார்கள். அதுவே ஓராண்டில் முதிரும் பத்திரமாயின் ரூ.98.60 கிடைக்கும். காலம் நீள நீள ஆட்டமும் பெரிதாகிறது. பத்திரத்தை விற்காமல் பத்தாண்டும் பொறுத்திருப்பவருக்கு நூறு ரூபாய் முழுதாக வரும். ஆயினும் அயலார் 7.50 வாங்கும் ஆண்டுகளில் அவர் 6 வாங்கிக் கொண்டிருப்பார். அவர் இழப்பும் இழப்பே. கண்ணில் படாத இழப்பு. நிதியில் இருப்பவரோ விலை இறங்கியதை அன்றே காண்கிறார். பின்னர் உயர்ந்த வட்டியில் புதுப் பத்திரங்கள் சேரச் சேர அது மெல்ல ஈடாகிறது. ஆயினும் கண்ணில் படாத இழப்பு இரவுத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை என்ற அளவில் காசாளர் பக்கமும் நியாயம் உண்டு. எழுபது வயதில் தூக்கத்துக்கும் ஒரு விலை போட வேண்டும்.

இந்த வழக்கை விவரித்ததற்குக் காரணம், நமது பிழை ஒன்று இதனுள் அடங்கியிருப்பதுதான்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கணவரை இழந்த ஆசிரியை ஒருவர் பணி ஓய்வுத் தொகையோடு நம்மிடம் வந்தார். நம்மை ‘அண்ணா’ என்று அழைக்கும் உரிமை உள்ளவர். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அந்நாளைய உச்சவரம்பான 15 லட்சத்தை இட்டுவிட்டார். எஞ்சியது 8 லட்சம். இரண்டாண்டுக்குள் மகளுக்குத் திருமணம் செய்ய வைத்த பணம் அது. வங்கி வைப்புக்கு ஐந்தரை விழுக்காடுகூட அரிதாய் இருந்த காலம். முந்தைய ஆண்டுகளில் நீண்டகால அரசுப் பத்திர நிதிகள் இரட்டை இலக்கத்தில் வருவாய் தந்திருந்தன. ரிசர்வ் வங்கி அவ்வாண்டு மே மாதம் ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டுக்கு இறக்கியிருந்தது. தொலைக்காட்சியில் ஒரு வல்லுநர், வட்டி இன்னும் குறையும் என்று நாள்தோறும் சொல்லிக் கொண்டிருந்தார். நாமும் அதையே சொன்னோம். அவர் சொன்னதாகச் சொல்லவில்லை. நாமே ஆராய்ந்து அறிந்ததுபோல் சொன்னோம். “நிச்சயம் குறையும் அம்மா, தைரியமாகப் போடுங்கள்” என்ற சொற்கள் இன்றும் நம் காதில் ஒலிக்கின்றன.

நடந்தது வேறு. 2022 ஏப்ரல் 8ஆம் நாள் ரிசர்வ் வங்கி விகிதத்தை மாற்றாமல் விட்டது. நான்கு வாரம் முடியும் முன்னரே, மே 4ஆம் நாள், வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் 4.40 ஆக உயர்த்தியது. அடுத்த பிப்ரவரிக்குள் அது 6.50 ஆயிற்று. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டம் 2020இல் ஆறு விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 2022 ஜூனில் ஏழரையை ஒட்டிப் போயிற்று. அம்மையார் திருமணத்துக்காகப் பணத்தை எடுத்தபோது, இட்ட எட்டு லட்சம் ஏறத்தாழ எட்டு லட்சமாகவே இருந்தது. முதல் கெடவில்லை. ஆயின் இரண்டாண்டில் விலைவாசி உயர்ந்த அளவுக்கு அது தேய்ந்துவிட்டது. வீட்டின் அருகிலிருந்த வங்கியில் இரண்டாண்டு வைப்பாக இட்டிருந்தால் எண்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கூடக் கிடைத்திருக்கும்.

அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல் கூறவில்லை. “நீங்களும் நல்லெண்ணத்தோடுதானே சொன்னீர்கள், அண்ணா” என்றார். கடிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்போம்.

நல்லெண்ணம் போதுமா என்பதே நமது வினா. அறியாத ஒன்றை அறிந்ததாக நம்பி உரைப்பவன் பொய் உரைத்தவன் ஆவானா?

முதலில், அது அறியத் தக்கதுதானா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க நாட்டில் ஆல்ஃபிரட் கௌல்ஸ் என்பவர், 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியை முன்னறிவித்தோர் எவருமில்லையே என்று வியந்து, முன்கணிப்பு விற்போரின் ஏடுகளை எடுத்து வைத்துக் கணக்கிட்டார். 1928 முதல் 1932 வரை பதினாறு நிறுவனங்கள் வழங்கிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பரிந்துரைகளை ஆராய்ந்ததில், அவற்றைப் பின்பற்றியவர் சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை விழுக்காடு பின்தங்கியிருப்பார் என்று தெரிய வந்தது. சிலர் சிறப்பாகக் கணித்திருந்தனர். அச்சிறப்பும், சீட்டுக் குலுக்கி எடுத்தால் தற்செயலாய் வாய்க்கக்கூடிய சிறப்புக்கு மேல் இல்லை. இது 1933இல் அச்சேறியது. அதன்பின் முன்கணிப்பு விற்பனை குறைந்ததா எனில், பெருகியது. 2005இல் பிலிப் டெட்லாக் என்ற உளவியல் அறிஞர் 284 வல்லுநர்களின் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளை இருபதாண்டு அளவு தொடர்ந்து பார்த்து எழுதிய நூலிலும், புகழ் மிக்கவரின் கணிப்பு புகழ் குறைந்தவரின் கணிப்பைவிடத் தேறவில்லை. சற்றுத் தாழ்ந்தே இருந்தது. ஐயமின்றிப் பேசுபவரையே தொலைக்காட்சி அழைக்கிறது என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை.

இவர்கள் வெளியிலிருந்து பார்ப்போர். வட்டியை நிர்ணயிப்பவரே அதை அறிவாரா? 2021 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியின் உறுப்பினர்கள் தாம் கூடி முடிவு செய்யப் போகும் விகிதத்தைத் தாமே கணித்து வெளியிட்டனர். 2022 முடிவில் அது 0.9 விழுக்காடாக இருக்கும் என்பது அவர்தம் நடுக் கணிப்பு. அவ்வாண்டு முடிந்தபோது, அவர்களே உயர்த்தி வைத்த விகிதம் 4.25 முதல் 4.50 வரை. அந்நாட்டின் ஓய்வூதியர்கள் பாதுகாப்பானதென்று நம்பிச் சேமித்திருந்த பொதுவான பத்திர நிதிகள் அவ்வோராண்டில் 13 விழுக்காடு அளவுக்கு இறங்கின. தன் கை எங்கே நீளும் என்பதைத் தானே அறியாதபோது, அக்கையைத் தொலைவிலிருந்து நோக்கிக் குறி சொல்பவர் நிலை என்ன?

இன்னும் ஒரு படி உண்டு. வட்டி குறையும் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் பத்திர விலை ஏறும் என்பதற்கு உறுதியில்லை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஒரேயடியாக அரை விழுக்காடு குறைத்தது. அடுத்த சில மாதங்களில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டம் குறையவில்லை, உயர்ந்தது. ஒரு காரணத்தைக் கண்டோர் காரியத்தையும் கண்டோம் என்று எண்ணிவிட்டனர். காரியத்துக்குக் காரணங்கள் பல.

இனி நமது வினாவுக்கு வருவோம். நம் அறநூல்கள் வாய்மை விரதத்துக்குரிய குற்றங்களை எண்ணும்போது முதலில் வைப்பது மித்யோபதேசம், அதாவது பிறழ்ந்த அறிவுரை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலில் இதைக் காணலாம். கள்ளக் கையெழுத்தும், அடைக்கலப் பொருளைக் கவர்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. வீட்டுநெறிக்குரிய செய்தியை வைப்புத் தொகைக்கு ஏற்றிப் பேசுதல் தகுமோ என்று சிலர் கேட்கலாம். நாமும் தயங்கினோம். ஆனால் அதே இயலில் கொலைக்கும் பொய்க்கும் அடிப்படையாக வைக்கப்படுவது பிரமாதம் என்னும் விழிப்பின்மை. கொல்லும் எண்ணம் இல்லை என்பதனால் மட்டும் பாராமல் மிதித்தவன் நீங்கிவிடுவதில்லை. பார்த்து அடி வைத்தானா என்பதே கேள்வி. சொல்லுக்கும் இதுவே அளவை எனில், நம் உள்ளத்தில் வஞ்சம் இல்லை என்ற விடை நம்மைக் காப்பாற்றாது. ‘இதை நான் எப்படி அறிந்தேன்?’ என்று அன்று ஒரு கணம் நம்மையே கேட்டோமா? கேட்கவில்லை. அதுதான் குற்றம். வட்டி விகிதம் உயர்ந்தது நம் குற்றமன்று. ‘நிச்சயம்’ என்ற சொல் நம் குற்றம். வட்டி இறங்கியிருந்தாலும், அம்மையார் ஒன்றரை லட்சம் ஈட்டியிருந்தாலும், அச்சொல் அதே அளவு குற்றமாகவே இருந்திருக்கும். இதனை ஏற்பது எளிதன்று. நன்மையில் முடிந்த அசட்டையை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை.

இதைத் திண்ணையில் சொன்னபோது பொறியாளர் ஒப்பவில்லை. “அப்படியானால் மருத்துவரும் வாய் திறக்க முடியாது, வானிலை நிலையமும் மூட வேண்டியதுதான்” என்றார். அவர் மறுப்பு வலியது. ஆனால் வானிலை நிலையம் ‘மழை பெய்யக்கூடும்’ என்கிறது. மறுநாள் பெய்ததா என்பதை ஊரே காண்கிறது. தவறினால் ஊரே நகைக்கிறது. சந்தையை உரைப்போரின் சென்ற ஆண்டுச் சொல்லை யார் எடுத்து வைத்துப் பார்க்கிறார்? நம் நண்பரே பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்து ஒட்டி வைப்பவர். அவரது பழைய ஏட்டை ஒரு மாலை எல்லோரும் சேர்ந்து புரட்டினோம். சிறிது நேரம் சிரித்தோம், பின்னர் சிரிக்கவில்லை. அவற்றுள் சிலவற்றை நம்பி நம்மில் பணம் இட்டவர் உண்டு.

அவர் மறுப்பில் வேறொரு கூர் இருந்தது. ‘எனக்குத் தெரியாது’ என்று கைவிரிப்பதும் ஒரு வகைத் தப்பித்தல் அல்லவா? நாம் வாய் மூடியிருந்தால் அம்மையார் எட்டு லட்சத்தையும் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான வட்டியில் வைத்திருப்பார். அதுவும் இழப்பே. ஆகவே மௌனம் விடையன்று. அன்று நமக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: வட்டி எத்திசையில் செல்லும் என்பது. தெரிந்தவை பல இருந்தன. பணம் இரண்டாண்டில் தேவை என்பது தெரியும். பத்தாண்டுப் பத்திரம் இரண்டாண்டில் எவ்வளவு ஆடும் என்பதைத் தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம். இரண்டாண்டில் முதிரும் வைப்பில் அந்த ஆட்டம் இல்லை என்பதும் தெரியும். அதிக வட்டி தரும் நிதியில் கடன் வாங்கியோரின் தரம் குறைவாக இருக்கக்கூடும் என்பதற்கு எச்சரிக்கையும் அவ்வாண்டே கிடைத்திருந்தது. 2020 ஏப்ரல் 23ஆம் நாள் பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ரூ.25,000 கோடிக்கு மேற்பட்ட ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் முடக்கியது. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பியது என்பது வேறு. வேண்டிய நாளில் எடுக்க முடியாதவர் எத்தனை பேர்! இவை எல்லாம் கணக்கு. கணக்கைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் நாம் கணிப்பைச் சொன்னோம், ஏனெனில் கணிப்பைச் சொல்பவனுக்குத்தான் மதிப்பு.

கேட்பவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘தெரியாது’ என்பவரிடம் யாரும் இரண்டாம் முறை போவதில்லை. நாமே அறுபத்தைந்து வயதில், நம்மிலும் முப்பது வயது இளையவர் ஒருவர் கழுத்துப்பட்டை அணிந்து வந்து அடுத்த ஆண்டுச் சந்தையை உரைத்தபோது, மறுவினா எழுப்பாமல் கேட்டுக் கொண்டிருந்தோம். வருவது தெரியாதிருத்தல் முதியோருக்கு இளையோரைவிடக் கடினம். இழந்தால் மீண்டும் ஈட்ட ஆண்டுகள் இல்லை. அந்த அச்சம்தான் குறி சொல்வோரின் வயல்.

அம்மையார் 2025ஆம் ஆண்டு இறுதியில் மறுபடி வந்தார். ரெப்போ விகிதம் 5.25க்கு இறங்கி, வங்கி வைப்பு வட்டியும் குறைந்து கொண்டிருந்த நேரம். முதிர்ந்த வைப்பு ஒன்று அவர் கையில் இருந்தது. “இப்போது நீண்டகாலப் பத்திர நிதியில் போடலாம் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அண்ணா” என்றார். வட்டி எங்கே செல்லும் என்பது நமக்குத் தெரியாது என்றோம். முகம் சற்று வாடியது. பணம் எப்போது வேண்டும் என்று கேட்டோம். பாதி கண் அறுவைக்கும் வீட்டுக் கூரைக்கும், ஓராண்டுக்குள். மீதி தம் காலத்துக்குப் பின் பேரனுக்கு என்றார். ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்து, ஒருபுறம் ஓராண்டு, மறுபுறம் பல்லாண்டு என்று எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு இறங்கக்கூடும், இறங்கினால் என்ன செய்ய இயலும் என்பதை இருவருமாகப் போட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவே அவரே எழுதுகோலை வாங்கிக் கொண்டு இரண்டு கூட்டல் பிழைகளைத் திருத்தினார். கணக்கு ஆசிரியை அல்லவா!

எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை அவர் நம்மிடம் சொல்லவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டு, வீட்டுக்குப் போய் மகளோடு கலந்து கொள்வதாகச் சொல்லி எழுந்தார்.