சட்டம் தருவதும் கைக்குக் கிடைப்பதும்

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிய ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்களில் பலர் ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். வல்லம் வடகாலில் 2024-இல் அரசு திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இவர்களில் ஒருவர் கருவுற்று, அதைக் கலைக்க முடிவெடுத்தால் செலவு யாருடையது?

அமெரிக்காவில் இக்கேள்வி அரசுகளையே பிரித்தது. 1976-இன் ஹைட் திருத்தம், சில விதிவிலக்குகள் தவிர, ஒன்றிய நிதியைக் கருக்கலைப்புக்குத் தர மறுத்தது. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் சொந்தப் பணத்தில் தருகின்றன. ஏழைப் பெண்ணின் உரிமை அவர் குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்ததாயிற்று.

இங்கே அந்த மோதல் இல்லை. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தினுடையது, அரசு மருத்துவமனை மாநிலத்தினுடையது, சிகிச்சை இலவசம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிறைந்தவரென்றால் அவர் சம்மதம் தவிர வேறு கையெழுத்து வேண்டாம். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை தரப்படும் அனுமதியில் மணமாகாதவரை ஒதுக்கக் கூடாதென 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ, கருக்கலைப்புக்குப் பின் ஆறு வாரத்துக்குச் சம்பளம் தருகிறது.

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி வெளியே நிற்கிறார். தகுதியுள்ள மணமாகாத பெண்ணும் கேட்கத் துணிவதில்லை. சான்றிதழை நீட்டினால் லைன் முழுக்கத் தெரியும், பிறகு விடுதிக்கு, பிறகு வீட்டுக்கு என்ற பயம். பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது அச்சட்டத்தின் 2021 திருத்தம். அந்தப் பிரிவு மருத்துவரை மட்டுமே கட்டும், ஹெச்.ஆர். அதிகாரியையும் வார்டனையும் கட்டாது. ஆகவே சிகிச்சைக்குப் பணம் இருக்கிறது, ரகசியத்துக்குக் காப்பு இல்லை. மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு, உதிரப்போக்கோடு மறுநாள் வேலைக்கு நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

கருவை உயிரென்று நம்புகிறவர் “என் வரிப்பணம் இதற்கா?” என்று கேட்பதில் நேர்மை இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆயினும் நிதியை நிறுத்தினால் கருக்கலைப்பு நின்றுவிடாது, ஆபத்தான இடத்துக்கு நகரும். அந்த ஆபத்தைச் சுமப்பவர் கையில் காசில்லாதவர் மட்டுமே. உயிரைக் காக்க விரும்புகிறவர்கள், கர்ப்பம் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்தை எதிர்த்தும் குரல் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணையும் அந்த அச்சம் கலைக்கத் தள்ளுகிறது. அதைத் தெரிவு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

முதலாளிக்குப் போகும் தாளில் ‘மருத்துவ விடுப்பு’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. மருத்துவரைக் கட்டும் ரகசியக் கடமை ஆலை அலுவலகத்துக்கும் விடுதிக்கும் நீள வேண்டும். அதற்கான திருத்தத்தை நாடாளுமன்றம் கொண்டுவரட்டும். தான் திறந்த விடுதியிலாவது இந்த விதியை மாநில அரசு இன்றே எழுதலாம்.