உடலும் அமானிதமே

நம் சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. ஆயினும் பருவம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் கடும் புழுக்கம். அதற்கேற்ப முதலாளிமாராகிய நாம் உணவை மாற்றுகிறோம். பகலில் சற்றுக் கண்ணயர்கிறோம். நல்லதே, உடல் அல்லாஹ் தந்த அமானிதம்.

மூட்டை தூக்கும் சிப்பந்தியின் உடலோ? ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முந்தி வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. புழுக்கத்து நோன்பை அவரும் நம்மைப் போலவே நோற்கிறார். சுமையோ அவர் தோளில் மட்டும் இருக்கிறது.

ஆகவே சகோதரர்களே, சுமைவேலையைக் காலையிலேயே முடித்து, லுஹருக்குப் பின் அவருக்கு அரைமணி ஓய்வு கொடுங்கள். வியாபாரம் குறைந்துவிடாது. நம் பொறுப்பில் உழைப்பவரைப் பற்றியும் நாளை மறுமையில் நமக்குக் கேள்வி உண்டு.