ஆள், பணம், பொறுப்பு

எத்தனையோ சபைகளின் நோக்க அறிக்கை குருவானவரின் மேசையில் பிறந்து, ஆலய வாசல் பலகையிலேயே தங்கிவிடுகிறது. சபையார் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட நோக்கம் அப்படி முடங்குவதில்லை.

1903 பிப்ரவரியில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் போயிருந்த அவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி ஊழியம் நடத்துவது நெஞ்சில் தைக்கத் திரும்பியிருந்தார். சங்கம் வகுத்துக்கொண்ட கொள்கை மிகச் சுருக்கம்: போகிற ஆள், செலவாகிற பணம், நடத்துகிற நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும்.

யார் போவது, யார் கொடுப்பது, யார் பதில் சொல்வது? மூன்றுக்கும் அதில் நேரடி விடை இருந்தது. இன்றைய அறிக்கைகள் பலவற்றில் அன்பும் ஐக்கியமும் நிறைந்திருக்கின்றன. இந்த விடையைத்தான் காணோம்.

சங்கம் தேர்ந்த களம், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். பேச்சோ தெலுங்கு. 1909இல் அசரியாவே அங்கு மிஷனெரியாகப் போனார், மொழியைக் கற்றார். 1912இல் தோர்ணக்கல் திருமண்டலத்தின் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு அவரே முதல் இந்தியப் பேராயர்.