தொடர்பு எல்லைக்கு வெளியே

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்டே என்றொரு சிற்றூர். அதைத் தாண்டினால் பன்னிரண்டாம் எண் நெடுஞ்சாலை செம்பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், போல்டர் மலையின் பைன் காட்டுக்குள் ஏறுகிறது. ஒரு மே மாதக் கடைசியில் அந்தக் காட்டுக்குள் பத்தொன்பது மணி நேரம் நான் யாருக்கும் அகப்படாமல் இருந்தேன். மாலை மூன்று மணிக்கு வண்டியை நிறுத்தினோம், மறுநாள் காலை பத்துக்குக் கிளம்பினோம். தூங்கினோம், கஞ்சி வைத்துக் குடித்தோம், கொஞ்சம் நடந்தோம். இங்கே, வீட்டில், அந்த நேரத்துக்குள் ஒரு முழுப்பகல் போய்விட்டது. நான் 'காணாமல்' போய்விட்டேன்.

வண்டி என் கல்லூரிக் காலத்து அக்காவுடையது. செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை, ஃபீனிக்ஸில் வீடு. ஆண்டில் பாதி நாள் அங்கே ஆர்வி என்று சொல்லப்படும் வீட்டுவண்டியில்தான் வாழ்க்கை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. இவ்வளவையும் கூடவே கொண்டுபோகிறவர்களுக்கு ஓயாத கவலை ஒன்றுதான்: இன்றைக்கு நெட் கிடைக்குமா? அக்காவிடம் இரண்டு கம்பெனி சிம்கள் இருந்தன, ஒன்றின் டவர் இல்லாத இடத்தில் மற்றொன்று கைகொடுக்கும் என்று. வண்டிக் கூரையில் ஒரு பூஸ்டர். அது ஏற்கெனவே இருக்கும் மெல்லிய சிக்னலைத்தான் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது. அதற்கும் மேலே ஸ்டார்லிங்க் தட்டு. அதற்குத் திறந்த வானம் வேண்டும், ஒரு மரம் குறுக்கே நின்றாலும் அறுந்து அறுந்து வரும். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. ஆக, நிழலில் நிறுத்தினால் குளிர்ச்சி உண்டு, நெட் கிடையாது. வெயிலில் நிறுத்தினால் நெட் உண்டு, வண்டி அடுப்பாகிவிடும். எதுவும் வாய்க்காத நாளில் சிற்றூர் நூலகத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, பூட்டிய கட்டடத்திலிருந்து கசியும் வைஃபையில் வேலையை முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தேன்.

இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூலில் வருபவர்கள் வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குள் குடியேறிய முதியவர்கள், அவர்களில் பெண்கள் பலர். அடுத்த பருவகால வேலை எங்கே என்பது போன் வழியாகத்தான் தெரியவரும் என்றால், சிக்னல் அவர்களுக்குச் சோறு. மூன்று வாரத்தில் ஊர் திரும்பப் போகிற என் நிலை அதுவல்ல. நான் பேச வந்தது வேறொன்றை.

அன்று மரங்களுக்குள் நிறுத்தியது வெயிலுக்காகத்தான். அக்காவின் கையில் மட்டும் தீப்பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள் கருவி இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பொத்தானை அழுத்துவார். 'நலம்' என்ற ஒற்றைச் செய்தியும் இருக்கும் இடமும் சியாட்டிலில் இருக்கும் மகனுக்குப் போய்விடும். அதைத் தாண்டி எதுவும் இல்லை. ஒரு முழுநாள் செய்தி வராவிட்டால் மட்டும் தேடலாம் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை எழுதியவர் அக்கா.

காலையில் மலையிறங்கி டோரி என்ற ஊரைத் தொட்டதும் என் போன் துள்ளியது. நாற்பத்தேழு செய்திகள். அம்மா, கணவர், மகள், தம்பி, ஊரில் பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும். அக்காவின் மகனை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். "அம்மா மெசேஜ் வந்துருச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று அவர் சொன்னதும் போதவில்லை. அம்மா போனில் அழுதாள். "எங்கடி போய்த் தொலஞ்ச? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" நான் ஐந்து பேரிடம் ஐந்து முறை மன்னிப்புக் கேட்டேன். அக்கா வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "நீ என்னடி தப்பு பண்ண?"

யோசித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு என் கணவர் நண்பர்களோடு சதுரகிரி மலைக்குப் போனார். இரண்டு நாள் பேச்சு மூச்சில்லை. மலையில் டவர் கிடைக்காது என்று அம்மாவே எனக்குச் சமாதானம் சொன்னாள். நானும் தூங்கினேன். இறங்கி வந்தவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

இருபது ஆண்டுகளாக வகுப்பில் அகத்திணை நடத்துகிறேன். பொருள்தேடிப் போகிற தலைவனிடமிருந்து சேதி வருவதில்லை; அது இயல்பு. கார்காலம் தொடங்கும்வரை அவள் பொறுத்திருக்கிறாள், அதற்கு முல்லை என்று பெயரும் வைத்தாயிற்று. கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடியதில்லை என்று தொல்காப்பியம் அவளுக்கு ஒரு கதவையே அடைத்துவிடுகிறது. அவள் உடன்போக்காகக் கிளம்பிவிட்டாலோ, செவிலித்தாய் பாலைவழியில் எதிர்ப்படுவோரையெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறாள். ஆண் போனால் காத்திருப்பு, பெண் போனால் தேடல். செவிலியின் தவிப்பைப் பொய் என்று சொல்லமாட்டேன், அந்தப் பாட்டுகளைப் படிக்கும்போது எனக்கே தொண்டை அடைக்கும். ஆனால் தலைவனைத் தேடி இப்படி எந்தச் செவிலியும் வழியில் நின்று கேட்பதில்லை. ஔவை தனியாக ஊர் ஊராக நடந்தாளே என்பார்கள். நடப்பதற்கு முன்னால் பிள்ளையாரிடம் கிழவியாக்கும்படி வேண்டிக்கொண்டாள் என்றும் அந்தக் கதையே சொல்கிறது. இளமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் சாலை கிடைத்தது. அறுபதைத் தாண்டிய அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நானும் அந்த வரம் வாங்கினவதான்" என்று சிரித்தார்.

இதோடு நிறுத்தினால் விஷயம் எளிது: சிக்னல் ஒரு கயிறு, அறுத்தெறிவோம். ஆனால் அதே சாலைகளில் வேறொரு கதையும் இருக்கிறது. 2021 கோடையில் கேபி பெட்டிட்டோ என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் தன் வருங்காலக் கணவனுடன் ஒரு வேனில் கிளம்பினாள். பயணத்தின் அழகான படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டே இருந்தாள். யூட்டாவின் மோவாப் நகரில் ஆகஸ்ட் 12 அன்று போலீஸ் அவர்கள் வேனை நிறுத்தியது, அவள் அழுதுகொண்டிருந்தாள், அந்த இரவு மட்டும் இருவரையும் தனித்தனியே தங்கச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள். செப்டம்பர் 19 அன்று வயோமிங் மாநிலக் காட்டில் அவள் உடல் கிடைத்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. கொன்றவன் அவன்தான்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் அவள் போனிலிருந்து அம்மாவுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. ஒன்றில் தாத்தாவை அவர் பெயரால் குறிப்பிட்டிருந்தது. அவள் தாத்தாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அம்மாவுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. கடைசிச் செய்தி, கலிஃபோர்னியாவின் யோசமிட்டியில் சிக்னல் இல்லை என்றது. அவள் உயிரோடு இருப்பதாகக் காட்ட அவன் இரண்டு போன்களுக்கும் இடையே செய்திகளை அனுப்பிக்கொண்டான் என்று எஃப்பிஐ பிறகு சொன்னது.

நெட் இருந்தது. படங்கள் போயின. போலீஸே நேரில் பார்த்தது. ஒன்றும் அவளைக் காப்பாற்றவில்லை. ஆபத்து காட்டில் இல்லை, வண்டிக்குள் பக்கத்து இருக்கையில் இருந்தது. 'சிக்னல் இல்லை' என்ற சொல்லையே அவளுக்கு எதிராகப் பயன்படுத்த முடிந்தது. பொய்யைக் கண்டுகொண்டது ஒரு தாயின் காது மட்டும்தான், அதுவும் பிந்திவிட்டது. என் அம்மா அழுததை இந்தக் கதைக்குப் பிறகு என்னால் வெறும் அதிகாரம் என்று தள்ள முடியவில்லை. அதே சமயம், அம்மா கேட்டது 'பத்திரமா இருக்கியா' என்பதை அல்ல, 'எங்கே போன' என்பதை. இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே வாக்கியமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். முதலாவது அன்பின் உரிமை. இரண்டாவதைக் கேட்கும் உரிமையை யார் கொடுத்தார்கள்?

கேட்பவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாண்டுகள் ஒரு கல்லூரியில் பெண்கள் விடுதியின் துணைக் காப்பாளராக இருந்தேன். வெளியே போக வேண்டுமானால் நோட்டில் எழுத வேண்டும், பெற்றோரிடம் போனில் உறுதிசெய்த பிறகே நான் கையெழுத்துப் போடுவேன். சாலைக்கு எதிர்ப்புறம் ஆண்கள் விடுதியில் அப்படியொரு நோட்டே கிடையாது. அதை நான் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை, கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். என் மகள் பெங்களூருக்குப் படிக்கப் போனபோது அவள் போனில் லொகேஷனைப் பகிரும் வசதியை நானே போட்டுக்கொடுத்தேன். ராத்திரி எழுந்தால் வரைபடத்தில் அந்த நீலப் புள்ளி விடுதிக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். அவள் மகனாக இருந்திருந்தால் செய்திருப்பேனா? மாட்டேன்.

ஊர் திரும்பியதும் அவளிடம் அக்காவின் ஒப்பந்தத்தைச் சொன்னேன். புள்ளியை எடுத்துவிடலாம், நேரத்தை நீயே வை, வராவிட்டால் எப்போது தேட வேண்டும் என்பதையும் நீயே சொல். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நெஜமாவாம்மா?" இரவு ஒன்பது மணி, ஒரு செய்தி, மறுநாள் மதியம்வரை வராவிட்டால் தேடலாம் என்றாள். மதியம் என்பது எனக்குத் தொலைவாகப் பட்டது. பேரம் பேசவில்லை.

போன மாதம் தோழிகளோடு குடகுக்குப் போனாள். முதல் நாள் ஒன்பதுக்கு முன்னாலேயே செய்தி வந்தது. இரண்டாம் நாள் ஒன்பதரை ஆகியும் வரவில்லை. கணவர் "கூப்பிட்டுத்தான் பாரேன்" என்றார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன், மறுநாள் சமையலுக்கு இரண்டு மடங்கு. பத்தேகாலுக்கு 'சாப்ட்டாச்சு, மழை, குட்நைட் மா' என்று வந்தது. அவள் எழுதுகிற மாதிரிதான் இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன்.